குன்றும் சுனையும்: புதுக்கோட்டையிலிருந்து ஒரு பகல் தொலைவில்

புதுக்கோட்டை மாவட்டத்தில் மலை என்று பெயர் வைத்துக்கொண்ட ஊர்களுக்குக் குறைவில்லை. நார்த்தாமலை, குடுமியான்மலை, விராலிமலை என்று அடுக்கலாம். ஏறிப் பார்த்தால் எந்த மலையும் அரை மணி நேரத்துக்கு மேல் மூச்சு வாங்க வைக்காது. பொட்டல் வெளியில் திடுமென எழுந்து நிற்கும் மொட்டைப் பாறைகள் அவை. ஊட்டி, கொடைக்கானல் பழகிய கண்ணுக்கு முதல் பார்வையில் இவை ஏமாற்றமாகத் தோன்றும். அருவி கிடையாது, பனி கிடையாது, பாதி நாள் நிழல்கூடக் கிடையாது. ஆனால் இந்தப் பாறைகளில் மனிதர் கை படாதது அரிது. துறவிகள் படுக்கை வெட்டினார்கள், சிற்றரசர்கள் கோயில் குடைந்தார்கள், சேதுபதி கோட்டை கட்டினார், யாரோ ஓர் அரசன் இசைப்பாடமே எழுதி வைத்தான். இவை பெரும்பாலும் புதுக்கோட்டை நகரிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

பாறைக்கு அடுத்தபடி இங்கே பார்க்க வேண்டியது நீர். வற்றாத ஆறு என்று ஒன்று இந்த மாவட்டத்தில் இல்லை. வெள்ளாறும் அக்கினியாறும் ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் வடகிழக்குப் பருவமழையைப் பிடித்து வைத்தால்தான் பிழைப்பு. அதனால் ஊருக்கு ஊர் கண்மாய், ஏந்தல், ஊருணி. மேடான இடத்தில் அந்த வேலையைப் பாறையே செய்தது. குன்றின் உச்சிப் பள்ளங்களில் தேங்கும் மழைநீரைச் சுனை என்கிறார்கள். சுனை இருந்த குன்றில் ஆள் தங்க முடிந்தது; ஆள் தங்கிய இடத்தில் பிறகு கோயில் வந்தது. சித்தன்னவாசலானாலும் நார்த்தாமலையானாலும் கதை இதே வரிசையில்தான் நடந்திருக்கிறது.

இவ்வளவு சிறிய நிலப்பரப்பைப் பற்றி இவ்வளவு விவரமாகத் தெரிந்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தில் சேரும்வரை புதுக்கோட்டை தொண்டைமான்களின் தனி சமஸ்தானமாக இருந்தது. ஏறத்தாழ 1,180 சதுர மைல் பரப்புதான். அந்தச் சிறிய அரசு தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து 1929-ல் நூலாக அச்சிட்டது. 1910-லேயே தனக்கென ஓர் அருங்காட்சியகம் அமைத்துக்கொண்டது. பிறகு திருச்சி மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமானது.

திருக்கோகர்ணம்

சுற்றிப் பார்ப்பதற்குச் சரியான தொடக்கம் நகரின் புறத்தே உள்ள திருக்கோகர்ணம். திருச்சியிலிருந்து வருபவர்கள் நகருக்குள் நுழையும் முன்பே இதைத் தொட்டுவிடுவார்கள். இன்று வீடுகளும் கடைகளும் நெருங்கி நகரோடு ஒட்டிப்போனாலும், ஊரின் மையம் இன்னும் அந்தப் பழைய பாறைதான். அதைக் குடைந்துதான் கோகர்ணேசுவரரின் கருவறை அமைந்திருக்கிறது. ஏழு, எட்டாம் நூற்றாண்டுக் குடைவரை அது. அதன் முன்னே சோழரும் பாண்டியரும் நாயக்கர் காலத்தவரும் தொண்டைமான்களும் மண்டபத்துக்கு மேல் மண்டபமாகச் சேர்த்துக்கொண்டே போனதால், வாசலில் நிற்பவருக்கு உள்ளே ஒரு பாறை இருப்பதே தெரியாது. மண்டபங்களைக் கடந்து உள்ளே போகப் போக நூற்றாண்டுகள் பின்னோக்கி நகரும்.

இங்கே குடிகொண்ட பிரகதாம்பாள் தொண்டைமான்களின் குலதெய்வம். சமஸ்தானம் வெளியிட்ட சிறிய செப்புக் காசின் ஒரு புறம் அம்மன் உருவமும் மறுபுறம் ‘விஜய’ என்ற சொல்லும் இருந்தன. நவராத்திரி நாட்களில் அரிசியோடு இந்த அம்மன் காசும் மக்களுக்கு வழங்கப்பட்டது. அந்த வழியில் அம்மனுக்கு அரைக்காசு அம்மன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தொலைந்த பொருள் கிடைக்க வேண்டும் என்று அரைக்காசு அம்மனை வேண்டிக்கொள்ளும் வழக்கம் இன்று புதுக்கோட்டையைத் தாண்டிச் சென்னைப் புறநகர்வரை பரவியிருக்கிறது. அப்படி வேண்டிக்கொள்பவர்களில் பலருக்கு அந்தக் காசு எந்த ஊர்க் காசு என்பது தெரிந்திருக்காது.

அருங்காட்சியகமும் திருக்கோகர்ணத்தில்தான் இருக்கிறது. தமிழக அரசு அருங்காட்சியகங்களில் சென்னைக்கு அடுத்த பெரியதாக இதைச் சொல்வார்கள். செப்புத் திருமேனிகள், முதுமக்கள் தாழிகள், சமணச் சிற்பங்கள், நாணயங்கள், இசைக்கருவிகள், பாறை மாதிரிகள், பஞ்சடைத்த விலங்குகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஒரு சமஸ்தானம் தனக்குள் இருந்ததையெல்லாம் ஓரிடத்தில் கொண்டுவந்து வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. மற்ற இடங்களைப் பார்ப்பதற்கு முன்பு இங்கே ஒரு மணி நேரம் செலவிட்டால் பின்னால் பலன் தரும். வெளியே வயல்களில் வட்டமாகக் கிடக்கும் கற்கள் ஈமச்சின்னம் என்பதும், தாழி எப்படி இருக்கும் என்பதும் தெரிந்த கண்ணோடு சித்தன்னவாசல் போகலாம். வெள்ளிக்கிழமைகளில் அருங்காட்சியகம் திறக்காது.

நகருக்குள் நீண்ட நேரம் நிற்கத் தேவையில்லை. ஆனால் தெருக்களைக் கவனிக்காமல் போகக் கூடாது. தமிழக நகரங்களில் இவ்வளவு நேராக, அகலமாக, ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிச் செல்லும் பழைய தெருக்கள் அரிது. 1878 முதல் 1894 வரை முதலில் திவானாகவும் பிறகு ரீஜெண்டாகவும் இருந்த அ. சேஷையா சாஸ்திரியின் காலத்தில் நகரம் இந்த உருவத்துக்கு வந்தது. குளங்களைத் தூர்வாரிச் செப்பனிட்டதும் அவர்தான். சாந்தநாத சுவாமி கோயிலை ஒட்டிய பல்லவன் குளமும், காலை நடைக்குப் போகிறவர்கள் சுற்றிவரும் புதுக்குளமும் நகரின் நடுவே இன்னும் இருப்பதற்கு அந்தக் கால அக்கறையும் ஒரு காரணம். தொண்டைமான்களின் புதிய அரண்மனை இப்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகம். 1974-ல் மாவட்டம் பிறந்தபோது கடைசி மன்னர் இராஜகோபாலத் தொண்டைமான் அதை அரசுக்கு அளித்தார். மனு கொடுக்க வரிசையில் நிற்பவர்கள் அரண்மனை வளைவுகளின் கீழ்தான் நிற்கிறார்கள்.

அன்னவாசல் சாலை

நகரிலிருந்து வடமேற்கே சுமார் 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல். தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் ஒரே பாறை முதுகு இது. ஒரே நாளில் பார்த்துவிடக்கூடிய மூன்று வெவ்வேறு காலங்கள் இதில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அடிவாரத்துப் பொட்டலில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். குன்றின் உச்சியை ஒட்டிய இயற்கைக் குகையில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள். மேற்குச் சரிவில் குடைவரைக் கோயில்.

படுக்கைகள் இருக்கும் இடத்துக்கு ஏழடிப்பட்டம் என்று பெயர். படிகளில் ஏறிப் பாறையின் மறுபுறத்துக்குத் தாண்டினால், கிழக்கு முகத்தில் ஒடுங்கிய விளிம்பு ஒன்று வரும். இப்போது இரும்புக் கம்பித் தடுப்பு போட்டிருக்கிறார்கள். தடுப்பு இல்லாத காலத்தில், பாறையில் வெட்டிய கால்பிடிகளை மட்டும் நம்பி அந்த விளிம்பைக் கடந்திருக்கிறார்கள். உள்ளே தலையணை மேட்டோடு வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட 17 படுக்கைகள். அவற்றில் பெரியதன் ஓரத்தில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு. எருமை நாட்டிலிருந்து வந்த காவுதி ஒருவருக்கு, தென்கு சிறுபோசில் என்ற ஊரைச் சேர்ந்த இளையர் செய்து கொடுத்த இருக்கை என்று அது சொல்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியதாக எழுத்தியல் அறிஞர்கள் கருதும் இந்தக் கல்வெட்டு, தமிழகத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று. எருமை நாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி. ஆக, இங்கு வந்து தங்கிய வெளியூர்க்காரர்களின் பட்டியலில் முதல் பெயர் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தையது. அதன் அருகிலேயே காதலர் பெயர்களையும் தேதிகளையும் கீறி வைத்த இன்றைய ஆட்களுக்கு அந்த வரிசையில் இடம் கேட்கும் உரிமை கிடையாது.

படுக்கைகளில் உட்கார்ந்து கிழக்கே பார்த்தால் தரை தெளிவாக விரியும்: தைலமரத் தோப்புகள், நடுநடுவே கண்மாய்கள், தொலைவில் வேறு பாறைகள். இந்த இடத்துக்கு வெயில் ஏறும் முன்பே போய்விட வேண்டும். கிழக்கு முகம் என்பதால் பத்து மணிக்குள் பாறை சுடத் தொடங்கிவிடும்.

மேற்குச் சரிவில் இருக்கும் அறிவர் கோயிலுக்கு நேர்மாறான நேரம் ஏற்றது. குடைவரை மிகச் சிறியது. ஒரு முன்மண்டபம், ஒரு கருவறை. கருவறைப் பின்சுவரில் அமர்ந்த கோலத்தில் மூன்று உருவங்கள். உள்ளே நின்று மெல்லிய குரலில் ஓம் என்று இழுத்தால் அறை முழுவதும் அந்த ஒலி ரீங்கரிக்கும். காவலரே சில சமயம் செய்து காட்டுவார். ஆனால் கூட்டம் வருவது கூரையைப் பார்க்கத்தான். தாமரைத் தடாகம் ஒன்று விதானம் முழுவதும் பரந்திருக்கிறது. இலை, மொட்டு, மலர்ந்த பூ, மீன், அன்னம், யானை, எருமை. நடுவே பூப்பறிக்கும் ஆட்கள். சமண நூல்களில் வரும் சமவசரணம் என்ற தெய்வீக அவையைச் சூழ்ந்த நீர்நிலை இது என்று விளக்குகிறார்கள். அந்த விளக்கம் தெரியாமலேயே ஓவியம் பிடித்துவிடும். ஏனென்றால் கீழே ஊரில் உள்ள தாமரைக் குளத்தைப் பார்க்காத ஒருவர் இதை வரைந்திருக்க முடியாது. முன் தூண்களில் இரண்டு ஆடல்மகளிரும் ஓர் அரசனும் அரசியும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இந்தக் கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அவர் கட்டிய முகமண்டபம் காலப்போக்கில் விழுந்துவிட்டது. இப்போது முன்னால் நிற்கும் தூண்கள் சமஸ்தான காலத்தில் குடுமியான்மலையின் சிதைந்த மண்டபம் ஒன்றிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை. ஓவியம் வெளியுலகுக்குத் தெரியவந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். வரலாற்றாசிரியர் எஸ். ராதாகிருஷ்ண ஐயர் தம் சமஸ்தான வரலாற்றில் முதலில் குறிப்பிட்டார், பிறகு து. அ. கோபிநாதராவும் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேயும் அறிஞர் உலகின் கவனத்துக்குக் கொண்டுசென்றனர். மறைந்தது போக எஞ்சியது கொஞ்சம்தான். அஜந்தாவை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள் அண்ணாந்து ஐந்து நிமிடம் பொறுமையாக நிற்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் ஒவ்வொரு மீனாகத் தெரியத் தொடங்கும்.

நாவல் சுனையையும் தேடிப் பார்ப்பது நல்லது. அதன் நீருக்கடியில் குடைந்த சிறு சன்னதியில் ஒரு லிங்கம் மூழ்கியிருக்கிறது. அடிவாரத்தில் பூங்காவும் படகுக் குளமும் அமைத்திருப்பதால் விடுமுறை நாட்களில் கூட்டமெல்லாம் அங்கேயே தங்கிவிடும். படகில் போன குழந்தைகளைப் பாறைமேல் ஏற்றுவது பெற்றோர் சாமர்த்தியம்.

அதே திசையில் இன்னும் சில கிலோமீட்டர் போனால் குடுமியான்மலை. பாறையின் அடியில் சிகாநாதர் கோயில். காதலிக்குச் சூட்டிய பூவை அர்ச்சகர் அரசனிடம் பிரசாதமாகக் கொடுத்துவிட, அதில் தலைமுடி இருந்ததாம். கேட்டதற்கு இறைவனுக்கே குடுமி உண்டு என்று சமாளித்தாராம். இறைவனும் அவரைக் காப்பாற்றக் குடுமியோடு காட்சி தந்தாராம். தமிழ்நாட்டுத் தலபுராணங்களில் பொய் சொன்னவர் பிழைத்த கதைகளில் இது ஒன்று. முன்மண்டபத் தூண்களில் ஆளுயரத்துக்கும் மேலான சிற்பங்கள்: இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், பத்துத் தலை இராவணன், குதிரை வீரர்கள். நாயக்கர் காலக் கைவண்ணம் மதுரைக்கு வெளியே இவ்வளவு நெருக்கமாக, நெரிசல் இல்லாமல் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

ஆனால் குடுமியான்மலையின் பெயர் இசை வரலாற்றில் நிற்பது பின்னால் உள்ள குடைவரையின் பக்கத்துப் பாறைச் சுவரால்தான். சுமார் 13 அடிக்கு 14 அடி பரப்பில், கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாகச் சுரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. மத்தியமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என்ற ஏழு பழைய ராகங்களுக்கு உரியவை அவை. நான்கு நான்கு சுரங்களாகக் கோத்த பயிற்சிப் பாடம். ருத்ராசாரியரின் மாணவனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று முடிவில் சொல்லப்படுகிறது. எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்று தமிழிலும் ஒரு குறிப்பு இருக்கிறது. அந்த அரசன் மகேந்திரவர்ம பல்லவன்தான் என்று ஒரு காலத்தில் உறுதியாகச் சொன்னார்கள். இன்று அறிஞர்கள் அவ்வளவு உறுதியாக இல்லை. பாடப்புத்தகம் ஒன்றைக் கல்லில் அடித்து வைக்கும் அளவுக்கு இசை கற்க இங்கே ஆள் இருந்திருக்கிறது என்பது மட்டும் மறுக்க முடியாதது. அண்ணாந்து பார்த்தால் பாறையின் உச்சிக்கருகே இறைவன் இறைவியோடு 63 நாயன்மார்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதும் தெரியும்.

நார்த்தாமலை

திருச்சி சாலையில் சுமார் 17 கிலோமீட்டர் வந்து மேற்கே திரும்பினால் நார்த்தாமலை. பாறைமேல் நடப்பதில் விருப்பமுள்ளவருக்கு மாவட்டத்தில் இதைவிட நல்ல இடம் இல்லை. மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, பறையர்மலை, உவக்கன்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை, மண்மலை, பொன்மலை என ஒன்பது குன்றுகள். சோழர் காலத்தில் இது வணிகர் நகரம். தெலுங்குகுலகாலபுரம் என்று கல்வெட்டுகளில் பெயர். இன்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது முத்துமாரியம்மன் கோயிலும் அதன் பங்குனித் திருவிழாவும்தான். திருவிழா நாட்களில் ஊர் கொள்ளாத கூட்டம் திரளும். மற்ற நாட்களில் குன்றுகளில் ஆடு மேய்ப்பவரைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

மேலமலைக்குப் படி கிடையாது. ஊரைத் தாண்டியதும் பாறைச் சரிவு தொடங்கிவிடும். அதன் மேலேயே நடக்க வேண்டும். வழியில் தலையருவிச் சிங்கம் என்ற சுனை. சித்தன்னவாசல் சுனையில் போலவே இங்கும் நீருக்கடியில் ஒரு லிங்கம் உண்டு. சரிவு முடிந்து பாறை சமமாகும் இடத்தில் விசயாலய சோழீச்சரம் தெரியும். தூரத்தில் இருந்து பார்க்கும்போது பாறையிலிருந்தே முளைத்தது போலிருக்கும் அதன் நிறம்.

பெயர் சோழனுடையது என்றாலும் கட்டியவர் முத்தரையர் குலத்துச் சாத்தன் பூதி. மழையில் இடிந்த கோயிலை மல்லன் விதுமன் என்பவர் புதுப்பித்ததாகத் துவாரபாலகர் ஒருவரின் காலடியில் உள்ள கல்வெட்டு சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு, தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நூறாண்டுக்கும் மேல் மூத்தது. வெளியே சதுரமாகத் தெரியும் கட்டடத்தின் உள்ளே கருவறை வட்டம். வட்டத்துக்கும் சதுரத்துக்கும் இடையே ஓர் ஆள் நடக்கும் அளவு சுற்றுவழி. மேலே தளங்கள் சதுரமாகச் சிறுத்துக்கொண்டே போய் உச்சியில் மறுபடி வட்டமாகின்றன. சுற்றிலும் இருந்த சிறு கோயில்களில் ஆறு எஞ்சியிருக்கின்றன. கோயில் மேற்குப் பார்த்தது என்பதால் மாலை நான்கு மணிக்கு மேல் சுவரில் விழும் வெளிச்சத்துக்காகவே புகைப்படக்காரர்கள் வருகிறார்கள்.

எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். பெரியதற்குச் சமணர் குடகு என்று பெயர். ஆனால் உள்ளே நிற்பது ஒரே அச்சில் வார்த்த மாதிரி 12 விஷ்ணு உருவங்கள். சமணர் இடம் எப்போது, எப்படி வைணவமானது என்பதைப் பெயரும் சிலைகளும் சேர்ந்து பாதி சொல்லி நிறுத்திவிடுகின்றன. அதன் முன்னே இடிந்த மண்டபத்தின் அடித்தளத்தில் ஓடும் யாளி, யானை வரிசையை உட்கார்ந்து பார்க்க வேண்டும். சிறியது பழியிலி ஈச்சரம். நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில் சாத்தன் பழியிலி குடைந்தது. அவர் மகள் பழியிலி சிறிய நங்கை முன்மண்டபமும் நந்தியும் சேர்த்து நிலமும் கொடுத்திருக்கிறாள். தந்தை குடைந்ததும் மகள் கட்டியதும் ஒரே கல்வெட்டில் பதிவாகியிருக்கின்றன.

உச்சியில் நின்றால் இன்னொன்றும் கண்ணில் படும், காதிலும் விழும். சுற்றுவட்டாரத்தில் கல் குவாரிகளும் ஜல்லி உடைக்கும் ஆலைகளும் நடக்கின்றன. இந்தப் பகுதிக்குப் பாறைதான் பிழைப்பு என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. சிற்பியின் உளி இருந்த இடத்தில் வெடி வந்திருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பு கோயில் நிற்கும் குன்றுக்கும் அதைச் சுற்றிய எல்லைக்கும்தான். ஒன்பது குன்றுகளும் சேர்ந்து ஒரே காட்சியாக இருப்பதற்கு அந்த எல்லை போதாது. ஆளுருட்டிமலையிலும் சமணர் படுக்கைகள் இருக்கின்றன என்பதை நினைவில் வைத்தால் கணக்கு இன்னும் தெளிவாகும்.

தெற்கே திருமயம்

திருமயத்துக்குச் சாலையிலும் போகலாம், ரயிலிலும் போகலாம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி செல்லும் தடத்தில் திருமயத்துக்கு நிலையம் உண்டு. நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். சாலையிலிருந்தே கோட்டை தெரிந்துவிடும். 1687-ல் இராமநாதபுரம் கிழவன் சேதுபதி கட்டியது. வட்ட வட்டமாகப் பல மதில்களாகக் கட்டப்பட்டு, இன்று அவற்றில் சில பகுதிகளே எஞ்சியிருக்கின்றன. ஊமைத்துரையோடு சேர்த்து ஊமையன் கோட்டை என்றும் ஊரார் சொல்வார்கள். நெடுஞ்சாலையை ஒட்டிய மதிலில் கோட்டை பைரவர் இருக்கிறார். புது வண்டி வாங்கியவர்களும் தொலைதூர ஓட்டுநர்களும் அங்கே ஒரு நிமிடம் நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

கோட்டைக்குள் ஏறும் வழியில் பாதி உயரத்தில், செங்குத்தான பாறைமுகத்தில் குடைந்த ஒரு சிறு சிவன் சன்னதி. அதற்கு இரும்பு ஏணி வைத்திருக்கிறார்கள். உச்சியில் ஒரு பீரங்கியும், நாலா பக்கமும் தடையில்லாத காட்சியும். மாலைக் காற்றுக்காக உள்ளூர் இளைஞர்கள் ஏறி உட்காரும் இடம் இது. காதுகுத்துக்கு வந்த உறவினரை எங்கே அழைத்துப் போவது என்று கேட்டால் இந்த வட்டாரத்தில் சொல்லும் பதிலும் இதுதான்.

பாறையின் தெற்கு அடிவாரத்தில் சத்தியகிரீசுவரர் கோயிலும் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் ஒரே பாறையைக் குடைந்தவை. பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அங்கே பள்ளிகொண்ட பெருமாளின் உருவம் நாட்டிலேயே பெரிய அனந்தசயனச் சிற்பங்களில் ஒன்றாகச் சொல்லப்படுவது. ஆதிசேடன் உமிழும் தீச்சுவாலைக்கு அஞ்சி மது, கைடபர் என்ற அசுரர் ஓடுவது பாறைச் சுவரில் நாடகமாக விரிகிறது. சிவன் கோயிலில் லிங்கோற்பவர். இவ்வளவு நெருக்கத்தில் சண்டை வராமல் இருக்குமா? நிலத்துக்கும் வருமானத்துக்கும் நெடுங்காலம் வழக்காடிய இரு கோயிலாரையும் 1245-ல் ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயகர் முன்னிலையில் கூட்டி, பங்கு பிரித்து, நடுவே சுவர் எழுப்பி முடித்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பும் கல்வெட்டாகக் கோயிலிலேயே இருக்கிறது. விடுதலைப் போராட்டத் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி 1887-ல் பிறந்த ஊரும் திருமயம்தான்; பெயர் பெருமாளுடையது.

விராலிமலை, கொடும்பாளூர்

மாவட்டத்தின் வடமேற்கு மூலை திருச்சியின் புறநகராகவே மாறிவருகிறது. மாத்தூர், விராலிமலைப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் திருச்சியிலிருந்து வந்து போகிறார்கள். ஆகவே விராலிமலைக்குப் புதுக்கோட்டையைவிடத் திருச்சி பக்கம்: சுமார் 30 கிலோமீட்டர். குன்றின்மேல் ஆறுமுகத்துடன் முருகன். அவருக்குச் சுருட்டு படைக்கும் வழக்கம் உண்டு. அருணகிரிநாதர் பாடிய தலம். சதிராட்ட மரபு அண்மைக் காலம்வரை உயிரோடிருந்த ஊரும்கூட. அந்த மரபின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்த முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. குன்றைச் சுற்றியுள்ள மயில்களைப் பார்க்கப் போகிறவர்கள் விடியலிலோ பொழுது சாயும்போதோ போக வேண்டும். நண்பகலில் அவை புதரை விட்டு வெளியே வருவதில்லை.

தெற்கே சில கிலோமீட்டரில் கொடும்பாளூர். பத்தாம் நூற்றாண்டில் இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி எடுத்த மூவர் கோயிலில் இன்று நிற்பவை இரண்டே. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் உண்டு. தனக்கும் இரண்டு மனைவியருக்குமாக அவன் எடுத்தவை மூன்றும். புல்தரையும் வேலியுமாகத் தொல்லியல் துறை நன்றாகப் பராமரிக்கிறது. நார்த்தாமலை, கொடும்பாளூர் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு, தஞ்சையில் வானளாவுவதற்கு முன்பு கற்கோயில் கட்டும் கலை எப்படிப் பயிற்சி எடுத்துக்கொண்டது என்பது விளங்கும்.

கிழக்குப் பக்கம்

பாறை கிழக்கே போகப் போகத் தரைக்குள் இறங்கிவிடுகிறது. நகரிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டரில் பொற்பனைக்கோட்டை. சங்ககாலத்ததாகக் கருதப்படும் மண்கோட்டையும் அகழியும் அங்கே இன்னும் அடையாளம் தெரிகின்றன. தமிழகத் தொல்லியல் துறை 2023-ல் அகழாய்வு தொடங்கியதிலிருந்து பெயர் பரவியது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் பலாவும் பூவும் விளையும் செம்மண் பூமி. 2018 நவம்பர் கஜா புயலில் முறிந்த பலா மரங்களின் இடத்தைப் புதுக் கன்றுகள் இன்னும் நிரப்பிக்கொண்டிருக்கின்றன. குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனாருக்கு முன்னால் 33 அடி உயரக் குதிரை ஒன்று பாய்ந்த நிலையில் நிற்கிறது. மாசிமகத்தன்று பக்தர்கள் சாற்றும் காகிதப் பூமாலைகளில் குதிரையே மறைந்துபோகும்.

அறந்தாங்கியைத் தாண்டி ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை. கருவறையில் லிங்கத்தின் பாணம் இல்லை, ஆவுடை மட்டும். மற்றபடி ஊரே கூரை விளிம்பில் வளைந்து இறங்கும் கொடுங்கையைப் பற்றித்தான் பேசும். மரச்சட்டம், கயிறு, ஆணிக் கொண்டை எல்லாவற்றையும் கல்லில் அப்படியே செய்துவிட்டார்கள். கல் தச்சர் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக என்று எழுதுவார்களாம்.

அதற்கு அப்பால் கடல். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று நீளும் பாக்கு நீரிணைக் கரை இது. அலை இல்லாத சேற்றுக் கரை என்பதால் மெரினாவைப் போல நினைத்து வரக்கூடாது. முத்துக்குடாவில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகும் வசதி இருக்கிறது. நாரையும் கொக்கும் அங்கே நிறைய.

எப்போது, எப்படி

மார்கழி முதல் மாசிவரைதான் இந்த மாவட்டத்துக்கு ஏற்ற காலம். மழை முடிந்து கண்மாய்கள் நிரம்பி, பறவைகள் இறங்கி, பாறை வெப்பம் தாங்கும்படி இருக்கும். நகரை ஒட்டிய கவிநாடு கண்மாய் கலிங்கு வழிவதைப் பார்க்கவே ஊர் திரளும் ஆண்டுகள் உண்டு. கரைமேல் நடப்பவர்கள் நீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்பதைக் கவனிக்கலாம். குமிழித் தூம்பு என்பது அதுதான். சேறு தனியாகவும் நீர் தனியாகவும் வெளியேற முன்னோர் செய்த ஏற்பாடு. அதே தூண்களில் யார் செய்து கொடுத்தது என்ற கல்வெட்டும் பல இடங்களில் இருக்கும். தை மாதத்தில் போகிறவர்களுக்கு ஜல்லிக்கட்டு தனி. ஆண்டின் முதல் வாடிவாசல் பெரும்பாலும் கந்தர்வகோட்டைப் பக்கத்துத் தச்சங்குறிச்சியில்தான் திறக்கும். சித்திரை, வைகாசியில் பாறைமேல் செருப்பில்லாமல் நிற்க முடியாது. மழை பெய்துகொண்டிருக்கும்போது செருப்போடும் நிற்க முடியாது, அவ்வளவு வழுக்கும்.

திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே 50 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. திருச்சி விமான நிலையமே இந்தச் சாலையில்தான் இருக்கிறது. அன்னவாசல், இலுப்பூர் பேருந்துகள் சித்தன்னவாசல் விலக்கில் நிற்கும், ஆனால் விலக்கிலிருந்து நடை உண்டு. நார்த்தாமலைக்கும் குடுமியான்மலைக்கும் நகரப் பேருந்துகளின் நேரம் தெரிந்து போகாவிட்டால் பாதி நாள் நிறுத்தத்திலேயே போய்விடும். இரண்டு சக்கர வாகனம்தான் இந்தப் பயணத்துக்குப் பொருத்தம். சித்தன்னவாசல், குடுமியான்மலை ஒரு நாள். நார்த்தாமலை தனியாக ஒரு மாலை. திருமயம் இன்னொரு நாள் என்று பிரித்துக்கொண்டால் அவசரம் இருக்காது. குன்றுகளின்மேல் கடை கிடையாது. குடிநீரும் தொப்பியும் கையோடு எடுத்துப் போக வேண்டும். சுனை நீர் பார்ப்பதற்கு மட்டும். இறங்கிக் குளித்தால் பாசியில் கால் வழுக்கும், ஆழமும் தெரியாது. தஞ்சாவூர் வழியாகத் திரும்புகிறவர்கள் ஆதனக்கோட்டையில் வண்டியை நிறுத்தலாம். சாலையோரத்தில் பெண்கள் முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, சூடாக நிறுத்துக் கொடுப்பார்கள்.